94வி-0 மாடல் பெயர் அல்ல: ஒரு மதர்போர்டுப் பதிவு தப்பாகித் திருந்திய கதை

பழைய கணினிப் பாகங்களை இணையத்தில் பட்டியலிடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் ஒரு தப்பைச் செய்வார்கள். நானும் செய்தேன். பெயரே இல்லாத ஒரு 486 மதர்போர்டு, அதாவது தொண்ணூறுகளின் முதல் பாதியில் ஓடிய 486 வகைச் சிபியுவுக்கான தாய்ப்பலகை, கையில் கிடைக்கும். திருப்பிப் பார்த்தால் மூலையில் 94வி-0 என்று அச்சாகியிருக்கும். 94 என்றால் 1994, வி என்றால் விஎல்பி ஸ்லாட் (அந்தக் காலத்து வேகமான அட்டைகளைச் செருகும் இடம்), பூஜ்யம் என்றால் முதல் பதிப்பு என்று மனசு தானாகக் கதை கட்டிவிடும். மாடல் பெயர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பதிவேற்றியும் விடுவோம்.

உண்மையில் அது யூஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் யூஎல் 94 தீப்பற்றல் சோதனையில் அந்த அட்டை எந்தத் தரத்தில் தேறியது என்பதற்கான குறி. அட்டையைச் செங்குத்தாக நிறுத்திக் கொளுத்தினால் 10 நொடிக்குள் தானாக அணைய வேண்டும், அணைந்தால் வி-0. எண்பதுகளில் செய்த போர்டிலும் அது இருக்கும், இன்று செய்கிற வாஷிங் மெஷின் போர்டிலும் இருக்கும். பக்கத்திலேயே ஈ என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண் நிற்கும். அது யூஎல் கோப்பு எண். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வெறும் பச்சை அட்டையை அச்சடித்துக் கொடுத்த தொழிற்சாலைதான் கிடைக்கும். மதர்போர்டை வடிவமைத்தவர் கிடைக்கமாட்டார்.

இங்கே நான் எழுதப்போவது ஒரே ஒரு பதிவைப் பற்றி. நான் சேர்த்த பதிவு, அதில் நான் செய்த பிழை, அந்தப் பிழையால் ஒருவருடைய சிபியு போனது, அதற்குப் பிறகு நாங்கள் பட்டியலை எழுதும் முறை மாறியது. போர்டைச் செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

பெயர் இல்லாத போர்டுக்குப் பெயர் தேடுவது

போர்டு இப்படி: சிபியு உட்கார சாக்கெட் 3, மூன்று விஎல்பி ஸ்லாட், நான்கு 16-பிட் ஐஎஸ்ஏ ஸ்லாட், 30 முள் சிம் ராம் வைக்க நான்கு இடம், 72 முள்ளுக்கு இரண்டு இடம், தனித்தனிச் சிப்களாக 256 கிலோபைட் கேஷ் (சிபியுவுக்கு உதவும் வேக நினைவகம்). விசைப்பலகைச் செருகிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி ஒரு 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. பழைய போர்டுகளைத் தொடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பேட்டரியைத்தான். இது கசிந்தால் காரம் ஓடி, பக்கத்தில் இருக்கும் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். விசைப்பலகைக் கன்ட்ரோலர் சிப்தான் பெரும்பாலும் முதல் பலி. எங்கள் போர்டில் பச்சை பூத்திருந்தது, ஆனால் தடங்கள் பிழைத்திருந்தன. பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி வைத்தேன். பட்டியல் போடுவது அப்புறம்.

அடையாளம் காண நாலைந்து வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி உண்டு.

முதல் வழி, திரையில் தெரியும் பயாஸ் எண். கணினி எழுந்ததும் முதலில் ஓடுகிற நிரல்தான் பயாஸ். அவார்ட் பயாஸ் உள்ள போர்டை ஓடவிட்டு, ராம் எண்ணிக்கை ஏறும்போதே பாஸ் (Pause) விசையை அழுத்தினால் திரையின் அடியில் ஒரு நீண்ட வரி நிற்கும்: தேதி, சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்கள்) பெயர், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. அந்தக் கோவையில் முதல் ஐந்து இடம் சிப்செட்டைச் சொல்லும். 2ஏ59ஐ என்றால் இன்டெல் 430டிஎக்ஸ், 2ஏ69கே என்றால் 440பிஎக்ஸ். அடுத்த இரண்டு இடம் தயாரிப்பாளரைச் சொல்லும். ஜி0 என்றால் கிகாபைட், ஏ0 என்றால் ஆசுஸ். மீதி அவர்களுடைய உள் மாடல் எண். இந்தக் குறிகளின் அட்டவணையே தன்னார்வலர்கள் பல வருடம் ஒவ்வொரு போர்டாகப் பார்த்துச் சேர்த்ததுதான். ஆனால் பயாஸ் சிப் சாக்கெட்டில் இருக்கும் பொருள்; கழற்றி வேறொன்றை மாட்டலாம். ரிப்பேர் பார்த்தவர் எவரோ ஒருவர், ஓடினால் போதும் என்று அதே சிப்செட் உள்ள வேறு போர்டின் பயாஸை மாட்டியிருந்தால், திரை சொல்வது வேறொருவருடைய பெயர்.

இரண்டாவது, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் எண். அமெரிக்காவில் விற்கும் மின்னணுச் சாதனம் ரேடியோ இடையூறு விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பதற்காக ஒட்டும் எண் இது. அந்தக் காலத்து எண்களில் முதல் மூன்று எழுத்து விண்ணப்பித்த நிறுவனத்தைக் குறிக்கும், அதை எஃப்சிசியின் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். எங்கள் போர்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: சிப்களின் மேல் இருக்கும் தேதிக் குறி. 9428 என்று இருந்தால் 1994ஆம் ஆண்டின் 28ஆவது வாரம் செய்த சிப். ஒரு போர்டில் உள்ள சிப்களிலேயே எது கடைசித் தேதியோ, அதற்கு முன்னால் அந்தப் போர்டு பிறந்திருக்க முடியாது. ஆனால் பற்றவைத்த சிப்களை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பயாஸ், கேஷ், சிபியு எல்லாம் சாக்கெட்டில் உட்காரும். அவற்றின் தேதி சாட்சி சொல்லாது. எங்கள் போர்டில் கேஷ் சிப்கள் 9509 என்று காட்டின. பற்றவைத்திருந்த சிப்செட், சிஸ் 85சி471, அதில் 9431. அதைத்தான் எடுத்துக்கொண்டேன். கேஷை யாரோ பின்னால் கூட்டியிருக்கிறார்கள்.

சிப்செட்டின் மேல் அச்சாகியிருக்கும் பெயரை நம்பலாமா என்றால், 486 காலத்தில் பெரும்பாலும் நம்பலாம். பென்டியம் காலத்துக்கு வந்தால் கதை வேறு. டிஎக்ஸ் ப்ரோ, விஎக்ஸ் ப்ரோ என்று சிப்களில் பெயர் இருக்கும். இன்டெல்லின் 430டிஎக்ஸ், 430விஎக்ஸ் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று வைத்த பெயர்கள் அவை. உள்ளே இருப்பது வேறு நிறுவனங்களின் சிப்செட். பட்டியலில் இரண்டையும் எழுத வேண்டும்: மேலே என்ன அச்சாகியிருக்கிறது, உண்மையில் அது என்ன. ஒன்றை மட்டும் எழுதினால், அதே போர்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு அது கிடைக்காது.

கடைசியில் எங்கள் போர்டுக்குப் பெயர் கிடைத்தது ஸ்லாட்டுகளுக்கு நடுவே வெள்ளை மையில் இருந்த ஆறு எழுத்தால். அதற்குக் கீழே இன்னும் பொடியாக, ரெவ். 2.1 என்று இருந்தது. அதை நான் பார்த்தேன். அதன் பொருளை யோசிக்கவில்லை.

வழிவழியாக வந்த அட்டவணை

பெயர் கிடைத்ததும் ஜம்பர் அட்டவணை தேட வேண்டும். சமீபத்திய கணினியில் சிபியுவை மாட்டினால் போர்டு தானே விசாரித்து வோல்டேஜையும் வேகத்தையும் வைத்துக்கொள்ளும். 486 போர்டில் அப்படி இல்லை. இரண்டு மூன்று முள்களுக்கு மேல் சின்னப் பிளாஸ்டிக் தொப்பி போட்டுத்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: பஸ் வேகம் 25ஆ, 33ஆ, 40ஆ, பெருக்கம் எத்தனை (பஸ் வேகத்தைப் போல் எத்தனை மடங்கில் சிபியு ஓட வேண்டும்), கேஷ் அளவு, சிபியு இன்டெல்லா, ஏஎம்டியா, சைரிக்ஸா, 5 வோல்ட்டா, 3.3ஆ, 3.45ஆ. கையேடு இல்லாவிட்டால் 30, 40 ஜம்பர் உள்ள போர்டு ஒரு பூட்டுப் போட்ட பெட்டி.

இந்த அட்டவணைகளின் வரலாறு சுவையானது. தொண்ணூறுகளில் மைக்ரோ ஹவுஸ் என்ற நிறுவனம் ரிப்பேர்க்காரர்களுக்காக ஒரு தொழில்நுட்பத் தொகுப்பைச் சிடியில் விற்றது. மதர்போர்டு, வன்தட்டு, கன்ட்ரோலர் அட்டை என்று ஆயிரக்கணக்கான பாகங்களுக்குக் கோட்டுப்படமும் ஜம்பர் அட்டவணையும் அதில் இருந்தன. அந்த வழியில் வந்த விவரங்கள் டோட்டல் ஹார்ட்வேர் 99, சுருக்கமாக டிஎச்99, என்ற பெயரில் வலைப்பக்கங்களாக உலாவத் தொடங்கின. யார் யாரோ நகலெடுத்துத் தங்கள் தளத்தில் வைத்தார்கள். இன்றும் பழைய போர்டின் பெயரைத் தேடினால் அதே கோட்டுப்படம், அதே அட்டவணை பத்து இடத்தில் எட்டிப்பார்க்கும். பத்து இடத்தில் இருக்கிறதே, அப்போது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பத்தும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது தோன்றாது.

டிஎச்99 மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த அட்டவணைகளில் அடிக்கடி வரும் ஒரு வாசகம், தொழிற்சாலையில் அமைத்தது, மாற்ற வேண்டாம் என்பது. படிக்க எரிச்சலாக இருக்கும். எதற்கான ஜம்பர் என்று சொல்லித் தொலைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அது நேர்மையான வரி. தெரிந்த அளவுக்கு மேல் அது பேசவில்லை. குறை எங்கே என்றால், புகைப்படம் கிடையாது, கோட்டுப்படம் மட்டும்தான். நான் பார்த்த பல பதிவுகளில், இது எந்தப் பதிப்புக்கான படம் என்ற குறிப்பும் இல்லை.

அந்தத் தொகுப்பின் தொடர்ச்சியாகத் தன்னார்வலர்கள் ஆரம்பித்த முயற்சிதான் யூஎச்19. பெயரிலேயே டிஎச்99க்கு ஒரு வணக்கம் இருக்கிறது. அது பிறகு அல்டிமேட் ரெட்ரோ என்றாகி, இன்று தி ரெட்ரோ வெப் என்ற பெயரில் நடக்கிறது. பழைய அட்டவணைகளோடு புகைப்படம், பயாஸ் கோப்பு, கையேடு, டிரைவர், சிப்செட் வாரியான தேடல் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தது பெரிய காரியம். கையேடுகள் பக்கம் பார்த்தால் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் பணியாற்றிய அல் காஸோவ் நடத்தும் பிட்சேவர்ஸ் இருக்கிறது. பெரிய கணினிகள், மினி கணினிகளின் கையேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்த களஞ்சியம் அது. இன்டர்நெட் ஆர்க்கைவ் இல்லாமல் இவர்கள் யாருமே பாதி வேலையைக்கூடச் செய்திருக்க முடியாது. கோப்புகளை இறக்கிக்கொள்ளத் தயாரிப்பாளர்கள் வைத்திருந்த எஃப்டிபி சர்வர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2021இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் எஃப்டிபி வசதியையே எடுத்துவிட்டன. மூடுவதற்கு முன் யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து இறக்கி வைத்ததால்தான் பல பயாஸ் கோப்புகள் இன்று இருக்கின்றன.

நான் செய்த தப்பு

நான் பதிவு சேர்க்கும் பட்டியல் இவற்றைவிடச் சின்னது, சில பேர் சேர்ந்து நடத்துவது. என் போர்டின் பெயரைப் பழைய அட்டவணை ஒன்றில் கண்டேன். கோட்டுப்படத்தையும் கையில் இருந்ததையும் ஒப்பிட்டேன். ஸ்லாட்டுகள் சரி, ராம் இடம் சரி, சாக்கெட் சரி. ஜம்பர்களின் எண்கள்கூடச் சரி. மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்து, 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அதன் கீழே அந்த அட்டவணையை அப்படியே தட்டச்சு செய்து பதிவிட்டேன். மொத்தம் ஒரு மணி நேர வேலை. முழுமையான பதிவு என்று உள்ளுக்குள் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். அதே போர்டு, அதே ரெவ். 2.1, அவரிடமும் இருந்தது. ஏஎம்டி 5எக்ஸ்86 வாங்கி மாட்டியிருக்கிறார். 133 மெகாஹெர்ட்ஸ் ஓடும் 486 வகைச் சிப் அது; 1995இல் வந்தது; 3.45 வோல்ட்டையொட்டித்தான் கொடுக்க வேண்டும். அவர் விவரம் தெரியாதவரும் அல்ல. அந்தச் சிப்புக்குப் பெருக்கத்தை இரண்டு என்று வைத்தால் அது நான்கு என்று எடுத்துக்கொள்ளும் என்ற நுணுக்கம் வரை தெரிந்து, 33ஐ நான்கால் பெருக்கி 133 வரும்படி சரியாக வைத்திருந்தார். வோல்டேஜுக்கு மட்டும் என் அட்டவணையை நம்பினார். ஜேபி28, ஜேபி29 இரண்டையும் 2-3 முள்ளில் வைத்தால் தாழ்ந்த வோல்டேஜ் என்று நான் எழுதியிருந்தேன். அவர் போர்டில் அது 5 வோல்ட். கொஞ்ச நேரத்தில் விரல் வைக்க முடியாத சூடு. அதற்குப் பிறகு அந்தச் சிப் எந்தப் போர்டிலும் எழுந்திருக்கவில்லை.

அவர் திட்டி எழுதவில்லை. அட்டவணையைத் திருத்தினால் நல்லது என்று மட்டும் எழுதியிருந்தார். திட்டியிருக்கலாம்.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிபியுவைக் கழற்றிவிட்டு, போர்டுக்கு மின்சாரம் கொடுத்து, சாக்கெட்டுக்குப் போகும் மின்னழுத்தத்தை அளந்தேன். 2-3இல் 5.02. தொப்பிகளைக் கழற்றி 1-2இல் மாட்டினால் 3.46. நான் எழுதியதற்கு நேர் எதிர். பழைய அட்டவணையும் பொய் சொல்லவில்லை, ரெவ். 1 போர்டுக்கு அது சரி என்று பின்னால் வேறொருவருடைய போர்டில் அளந்து தெரிந்துகொண்டோம். இரண்டாவது பதிப்பில் ரெகுலேட்டரை இடம் மாற்றியவர்கள், ஜம்பரின் எண்ணை மாற்றாமல் திசையை மட்டும் திருப்பிவிட்டார்கள்.

இதில் என்னைக் கூசவைத்த விஷயம் வேறு. அளந்து முடித்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜேபி29க்கு ஓரத்தில், மூன்றாவது முள்ளை ஒட்டி, அரை மில்லிமீட்டர் உயர எழுத்தில் 5வி என்று அச்சாகியே இருந்தது. நான் போட்ட புகைப்படத்தில் அந்த இடம் ஒரு வெள்ளைப் புள்ளி.

பிறகு மாறியவை

முதலில் மாறியது படம். இப்போது நாங்கள் போர்டுகளை ஸ்கேனரில் வைத்து எடுக்கிறோம், 600 டிபிஐ. எல்லா ஸ்கேனரும் இதற்கு ஆகாது. மெல்லிசாக, விலை குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியில் ஒட்டியிருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். மதர்போர்டைக் கவிழ்த்து வைத்தால் ஸ்லாட்டுகள்தான் கண்ணாடியைத் தொடும். அட்டையின் மேற்பரப்பு ஒரு விரல் அகலத்துக்கு மேல் தள்ளி நிற்கும். எழுத்தெல்லாம் பனிமூட்டம். சிசிடி வகைப் பழைய கனத்த ஸ்கேனருக்கு ஆழம் தெரியும், அதில் பொடி எழுத்தும் விழும். ஆக, பழைய கணினியைப் பதிவு செய்யவும் ஒரு பழைய ஸ்கேனரே வேண்டியிருக்கிறது. இன்னொரு தொல்லை: பேபி ஏடி என்ற அந்தக் காலத்து அளவில் செய்த போர்டின் அகலம் சுமார் 22 சென்டிமீட்டர், ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி அதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவு. இரண்டு தடவை எடுத்து ஒட்டத்தான் வேண்டும். ஹீட் சிங்க்கைக் கழற்றாமல் கவிழ்த்துக் கண்ணாடியைக் கீறிய அனுபவமும் எங்களில் ஒருவருக்கு உண்டு.

அப்புறம் பதிவின் அமைப்பு. முன்பு ஒரு போர்டுப் பெயருக்கு ஒரு பதிவு. இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பதிவு, மேலே ஒரு பொதுப் பெயர். இதற்கு எதிர்ப்பு இருந்தது. பட்டியல் வீங்கிவிடும், தேடுகிறவர் குழம்புவார் என்றார்கள். குழம்பட்டும் என்பதுதான் என் கட்சி. ஒரே பெயரில் இரண்டு பதிப்பு இருக்கிறது என்று குழம்புகிறவர், தன் போர்டில் பொடி எழுத்தைத் தேடிப் பார்ப்பார்.

முக்கியமான மாற்றம் இது: ஜம்பர் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது எப்படித் தெரியும் என்று எழுதுகிறோம். போர்டிலேயே அச்சாகியிருக்கிறது, அசல் கையேட்டில் இருக்கிறது, பழைய தொகுப்பிலிருந்து எடுத்தது (சரிபார்க்கவில்லை), மீட்டரால் அளந்தது. இந்த நான்கில் ஒன்று கட்டாயம். ஒன்றும் இல்லையென்றால் அந்த வரி காலியாகவே நிற்கும். காலி வரியைக் கண்டால் சிலருக்குக் கை பரபரக்கும். மற்ற சிஸ் 471 போர்டுகளில் இப்படித்தான் இருக்கிறது, இதிலும் அப்படியே இருக்கும் என்று நிரப்பி அனுப்புவார்கள். அவர்களிடம் மல்லுக்கட்டுவதுதான் இந்த வேலையில் பாதி.

இந்த யோசனை எங்களுடையது அல்ல. பழைய வீடியோ கேம் இயந்திரங்களை இன்றைய கணினியில் ஓட்டிக்காட்டும் மேம் என்ற எமுலேட்டரை 1997இல் தொடங்கியவர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். நிரல் பதிந்திருக்கும் ஒவ்வொரு ரோம் சிப்பின் நகலுக்கும் எஸ்எச்ஏ-1 கைரேகை எழுதி, நகல் சந்தேகத்துக்குரியது என்றால் மோசமான நகல் என்றும், நகலே எடுக்கப்படவில்லை என்றால் நகல் இல்லை என்றும் நிரலிலேயே குறித்து வைப்பார்கள். நம்மிடம் இல்லாததைப் பற்றியும் ஒரு பதிவு வைத்திருக்கிற ஒழுங்கு அது.

ரோம் நகல்

பயாஸ் சிப்பை நகலெடுப்பது கேட்பதற்கு எளிது. எங்கள் போர்டில் இருந்தது 27சி512, 28 கால், 64 கிலோபைட். மேலே உள்ள ஸ்டிக்கரைப் பிய்த்தால் அடியில் கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி பட்டால்தான் அழியும். வெயிலில் நாள்கணக்கில் கிடந்தாலும் அழியத் தொடங்கும். அதனால் ஸ்டிக்கர் என்பது பெயர்ப்பலகை மட்டுமல்ல, திரைச்சீலையும்கூட. பிய்ப்பதற்கு முன் அதைப் படம் எடுத்துவிட வேண்டும். பயாஸின் பதிப்பு எண் பல சமயம் அதில் மட்டும்தான் இருக்கும்.

சிப்பை புரோகிராமர் என்ற கருவியில் மாட்டிப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு தடவை படித்தால் போதாது. மூன்று தடவை படித்து, மூன்று கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்களில் கறுப்புப் படிந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் ஓரிரு பைட் மாறும். அளவு சரியாக 65,536 பைட் இருக்க வேண்டும். கோப்பின் கடைசி 16 பைட்டைப் பார்த்தால், சிபியு எழுந்ததும் முதலில் போய்ப் படிக்கிற இடம் அது, ஒரு ஜம்ப் கட்டளையும் அதை ஒட்டிப் படிக்கக்கூடிய எழுத்தில் தேதியும் இருக்கும். இருந்தால் நிம்மதி. எங்கள் நகலை 86பாக்ஸ் எமுலேட்டரில் சிஸ் 471 வகைப் போர்டு ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ராம் எண்ணி முடித்து அமைப்புத் திரை வரை வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பயாஸ் சொல்வதை அப்படியே பதிவில் எழுதக் கூடாது என்பதற்கும் ஒரு பழைய உதாரணம் உண்டு. 486 காலத்தின் பின்பகுதியில் சில மலிவு போர்டுகளில் கேஷ் சிப்களே போலி. மேலே ரைட் பேக் என்று அச்சடித்த பிளாஸ்டிக் கட்டை, உள்ளே ஒன்றும் கிடையாது, கால்கள் எங்கும் இணையாது. பயாஸையும் அதற்கேற்றபடி மாற்றி, திரையில் கேஷ் இருப்பதாகக் காட்ட வைத்தார்கள். திரையைப் பார்த்துப் பதிவு எழுதினால் 256 கிலோபைட். நினைவகத்தைத் துண்டு துண்டாகப் படித்து வேகத்தை அளக்கும் சின்ன நிரல் ஒன்றை ஓடவிட்டால் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சின்னக் கேஷைத் தாண்டிய எல்லா அளவிலும் ஒரே வேகம், அதாவது போர்டில் கேஷ் பூஜ்யம். எங்கள் பட்டியலில் இந்த வகைப் போர்டுக்கு இப்போது இரண்டு வரி: பயாஸ் சொல்வது, அளந்தது. சாட்சி இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றை அழிக்கக் கூடாது.

ஆட்களும் நேரமும்

இந்தப் புது முறையில் ஒரு பதிவுக்கு எனக்கு ஆகிற நேரம் ஒரு மணியிலிருந்து ஒரு முழு நாளாகிவிட்டது. எண்ணிக்கை விழுந்தது. பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று சொல்லலாம். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். சம்பளம் இல்லாத வேலையில் ஒருவர் வருவதே படம் போட்டு, பெயர் போட்டு, அடுத்ததுக்குப் போகும் சுகத்துக்காக. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டால் அது ஆபீஸ் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் ஒரு சமரசம்: படமும் பொடி எழுத்துகளும் மட்டும் போட்டால்கூடப் பதிவு ஏற்கப்படும், மற்றதெல்லாம் காலியாக இருக்கலாம். எனக்கு அரைகுறைப் பதிவுகள் மேல்தான் இப்போது அதிக நம்பிக்கை.

ஏலத் தளங்களில் விற்பனைக்கு வரும் போர்டுகளின் படங்கள் இன்னொரு சிக்கல். விற்றதும் படம் மறைந்துவிடும். அரிதான போர்டின் ஒரே தடயம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் படம் எடுத்தவருடைய உரிமை அது. கேட்டு எழுதினால் பெரும்பாலோர் சரி என்கிறார்கள், சிலர் பதிலே போடுவதில்லை. பதில் வராதவற்றைப் பொதுவில் போடாமல், படத்தில் படித்த எழுத்துகளை மட்டும் பதிவில் எழுதுகிறோம்.

சிபியு போனவருக்கு நான் வேறொரு 5எக்ஸ்86 அனுப்பிவைத்தேன். அவர் பதிலுக்கு அனுப்பியது அவருடைய போர்டின் முன்பக்க, பின்பக்க ஸ்கேன்கள், அப்புறம் 1-2, 2-3 இரண்டு நிலையிலும் மீட்டர் காட்டிய எண்களின் படம். பதிவில் வோல்டேஜ் வரிக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு போர்டில் அளந்தது என்று இருக்கிறது. ஜேபி17 வரி மட்டும் காலி. ஸ்கேனில் தடம் பிடித்துப் போனால் அது சிப்செட்டின் அடியில் போய் மறைகிறது. சிப்பைக் கழற்ற இருவருக்கும் மனசு வரவில்லை.